வடசென்னையின் உழைப்பை ஒரு நாளில் நடந்து அறிவது எப்படி: காசிமேடு முதல் பர்மா பஜார் வரை

சென்னையைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் மாலை ஐந்து மணிக்கு மெரினாவுக்குப் போகிறார்கள். அந்த நேரத்தில் அங்கே வேலை செய்துகொண்டிருப்பவர்கள் சுண்டல் விற்பவர்கள், பலூன் சுடும் கடைக்காரர்கள், குதிரைக்காரர்கள் போன்ற சிலர்தான். மற்றவர்கள் வேலை முடித்துக் காற்று வாங்க வந்தவர்கள். கடலை நம்பிப் பிழைக்கும் சென்னையைப் பார்க்க வேண்டுமென்றால், அங்கிருந்து வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி, பின்னிரவில் போக வேண்டும். காசிமேட்டில் தொடங்கி, இராயபுரம், துறைமுகத்தின் மதிலோரம், மண்ணடி, சௌகார்பேட்டை என்று நடந்து, இருட்டும் வேளையில் பர்மா பஜாரில் முடிக்கும் ஒரு நாளை எப்படித் திட்டமிடுவது என்பதை இங்கே எழுதுகிறேன். ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர்களையும் கள ஆய்வுக்குப் போகும் மாணவர்களையும் மனத்தில் வைத்து எழுதினாலும், சென்னையிலேயே பிறந்து வளர்ந்து பாரிமுனைக்கு அப்பால் காலடி வைக்காதவர்களுக்கும் இது பயன்படும். அப்படிப்பட்டவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

இடங்களின் பட்டியலைப் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். கடிகாரத்தை வைத்துத் திட்டமிடுங்கள். மீன் ஏலத்தின் பெரும்பகுதி விடியுமுன் முடிந்துவிடும். மொத்த வியாபாரக் கடைகள் பத்து மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடைகளில் கூட்டம் சேர்வது மாலையில். நேரம் தவறிப் போகிறவர், கழுவிவிட்ட சிமெண்டுத் தரையையும் இழுத்துவிட்ட இரும்புக் கதவுகளையும் பார்த்துவிட்டு, இங்கே ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுவார். நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் காசிமேடு நிரம்பி வழியும். ஆனால் அன்று மண்ணடியும் சௌகார்பேட்டையும் அடங்கிய ஜார்ஜ் டவுனின் மொத்தக் கடைகளில் பல மூடியிருக்கும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க விரும்புகிறவர் செவ்வாய்க்கிழமையைத் தேர்வது நல்லது. அதன் காரணம் பின்னால் வரும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த நாட்களில் ஏலத்தின் ஆரவாரம் இராது. ஆனால் வலை பின்னுவதையும் படகு பழுது பார்ப்பதையும் நிதானமாகப் பார்க்கவும், வேலையில்லாத காலத்தைக் குடும்பங்கள் எப்படிக் கடக்கின்றன என்று கேட்டறியவும் அதைவிட ஏற்ற பருவம் இல்லை.

கிளம்புமுன் ஒரு செய்தியை அறிந்துகொண்டால், பார்ப்பவற்றில் பாதி தானாகப் புரியும். சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. 1640-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் கோட்டை கட்டத் தொடங்கிய இடம் அலை ஓயாத வெறும் மணற்கரை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும்தான். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு மசூலா. அலை மோதும்போது உடையாமல் நெகிழ்ந்து கொடுக்கும். அதை ஓட்டத் தெரிந்தவர் இந்தக் கரையின் மீனவர்களே என்பதால், கம்பெனியின் வியாபாரம் முழுவதும் அவர்கள் கையை எதிர்பார்த்திருந்தது. 1875-இல் தொடங்கிய துறைமுகக் கட்டுமானத்தை 1881-இல் ஒரு புயல் பெரிதும் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். ஆண்டின் பெரும்பகுதியில் இந்தக் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அதைத் தடுத்துவிட்டதால், தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் இராயபுரம், காசிமேடு பகுதிகளின் கரையைக் கடல் அரித்தது. ஒரே சுவர் ஒரு பக்கத்தாருக்கு உலாவும் இடத்தைக் கொடுத்து, மறு பக்கத்தாரின் வீட்டு வாசலை எடுத்துக்கொண்டது. கடலோரம் கொட்டியிருக்கும் கருங்கற்களைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

காசிமேட்டில் நிற்கும் முறை

பின்னிரவு மூன்று மணிக்குள் மீன்பிடித் துறைமுகத்தில் இருப்பது நல்லது. அப்போது மெட்ரோ ஓடாது. ஆட்டோவுக்கு முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். ரப்பர் செருப்பு போதும். ஐஸ் தண்ணீரும் செதிலும் கலந்து தரை வழுக்கும் என்பதால் தோல் செருப்போ வெள்ளைக் கால்சட்டையோ உதவாது. உள்ளே போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரு தூணை ஒட்டி நின்றுகொள்வது. கூடை சுமந்து வருகிறவருக்குக் காலடி தெரியாது; பாளம் பாளமாக ஐஸ் இழுத்து வருகிறவரால் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. அவர்கள் ‘வழி, வழி’ என்று கத்துவது கோபத்தால் அன்று, அதுதான் அவர்களுடைய மணியோசை.

அரை மணி நேரம் ஒருவரிடமும் பேசாமல், ஒரு கூடை மீனை மட்டும் கண்ணால் பின்தொடருங்கள். படகிலிருந்து இறங்குகிறது, வகை பிரிக்கப்படுகிறது, தரையில் குவிகிறது, ஏலக்காரர் குரல் கொடுக்கிறார், தலையசைப்பும் விரலசைப்புமாக விலை ஏறுகிறது, முடிந்த கணத்தில் ஐஸ் விழுந்து கூடை வேறொருவருடையதாகி நகர்கிறது. வேடிக்கை பார்ப்பவருக்கு முதலில் எல்லாமே கூச்சலாகத்தான் தோன்றும். நான்காவது, ஐந்தாவது ஏலத்தில் யார் படகுக்காரர், யார் ஏலம் விடுகிறவர், யார் வெளியூருக்கு ஏற்றும் மொத்த வியாபாரி, யார் தெருவில் விற்கப்போகும் பெண் என்பது பிரிந்து தெரியத் தொடங்கும்.

படகுகளையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். விசைப்படகு பல நாட்கள் கடலில் தங்கி, ஐஸில் போட்டுவைத்த மீனோடு திரும்புகிறது. ஃபைபர் படகு பெரும்பாலும் அன்றைக்கே போய் அன்றைக்கே திரும்புவது. அதில் மீன் குறைவு, ஆனால் புதியது. விசைப்படகில் மீன் விற்ற தொகையிலிருந்து டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவுகளைக் கழித்த பிறகே உரிமையாளருக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிப்பார்கள். பங்கின் அளவு படகுக்குப் படகு வேறுபடும். ஆகவே ஏலத்தில் ஏறி இறங்கும் ஒவ்வொரு ரூபாயும் பக்கத்தில் நிற்கும் அந்த ஆளின் பல நாள் கூலியைத் தொடுகிறது. அந்த நேரத்தில் அவரிடம் பேச்சுக் கொடுப்பது முறையன்று. எல்லாம் முடிந்து டீக்கடைப் பக்கம் அவரே வருவார். அப்போது தெலுங்கும் காதில் விழும். இந்தப் படகுகளில் ஆந்திரக் கடற்கரையிலிருந்து வந்தவர்களும் கடலூர், நாகப்பட்டினம் பக்கத்தவர்களும் சேர்ந்தே வேலை செய்கிறார்கள்.

என் பார்வையில் காசிமேட்டை நடத்துகிறவர்கள் பெண்கள்தான். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு குவியலை ஏலத்தில் எடுத்து, அங்கேயே கூறு போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அந்தப் பிரிப்பில் ஒரு சண்டை வந்தால் அதை நின்று கேட்க வேண்டும்; சங்கராவுக்கும் கிழங்கானுக்கும் வஞ்சிரத்துக்கும் அன்றைக்கு என்ன மதிப்பு என்பது அதில் துல்லியமாக வெளிப்படும். பிறகு அன்னக்கூடையில் மீனையும் ஐஸையும் அடுக்கிக்கொண்டு, பங்கு ஆட்டோவிலோ பேருந்திலோ அவரவர் வாடிக்கைத் தெருக்களுக்குப் போய்விடுவார்கள். பலருக்கு முதல், தண்டல் பணம்: காலையில் வாங்கியதை நாள்தோறும் வட்டியோடு கட்ட வேண்டும். மீன் மிஞ்சினால் கருவாடாகும். கட்டவேண்டிய தவணை மிஞ்சினால் ஆவதற்கு ஒன்றுமில்லை. தரையில் அரிவாள்மணையோடு அமர்ந்து கிலோ கணக்கில் மீன் வெட்டித் தருகிறவர்களும் பெரும்பாலும் பெண்களே. பேச்சுக் கொடுக்க ஏற்றவர்கள் அவர்கள்தான். கை வேலை பார்த்துக்கொண்டே இருக்கும், வாய் ஓய்வாக இருக்கும்.

அழைக்கும் முறையில் தவறு நேர்ந்தால் பேச்சு நின்றுவிடும். ஆண்களை ‘அண்ணே’ என்றும், பெண்களை ‘அக்கா’ என்றும், முதிய பெண்களை ‘ஆயா’ என்றும் அழைப்பது இங்கே இயல்பு. ‘மேடம்’ என்றால் அரசு அலுவலர் வந்துவிட்டார் என்று எண்ணிக்கொள்வார்கள். முதல் கேள்வி மீனைப் பற்றியதாக இருக்கட்டும். இது என்ன மீன், எந்த மாதத்தில் அதிகம் கிடைக்கும், குழம்புக்கா வறுவலுக்கா என்று கேட்டால் விரிவாகச் சொல்வார்கள். வருமானம் எவ்வளவு, என்ன சாதி, கணவர் என்ன செய்கிறார் என்ற கேள்விகளை நீங்கள் கேட்க வேண்டாம். சொல்ல விரும்புகிறவர் தாமாகவே சொல்வார். எதையாவது வாங்கிவிட்டுப் பேசுவது நல்ல வழிதான். ஆனால் நாள் முழுவதும் நடக்கப்போகிறவர் பச்சை மீன் வாங்கக் கூடாது என்பதை நான் அனுபவத்தில் கற்றேன்: ஒரு கிலோ சங்கராவைப் பையில் வைத்துக்கொண்டு ஆண்டர்சன் தெரு வரை போனேன், கல்யாணப் பத்திரிகைக் கடைக்காரர் மிகுந்த மரியாதையோடு என்னை வாசலிலேயே நிறுத்திப் பேசினார். கருவாட்டையும் தவிர்த்துவிட்டு, இரண்டு டீ வாங்கி ஒன்றை நீட்டுங்கள். படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்பதற்குள் காட்சி போய்விடும் என்றால் போகட்டும்.

இராயபுரமும் மதிலுக்கு வெளியே துறைமுகமும்

வெளிச்சம் வந்ததும் தெற்கு நோக்கி நடந்தால் இராயபுரம். ஏதாவது ஒரு வீட்டு வாசல் இட்லிக் கடையில் பசியாறிவிட்டு, இராயபுரம் ரயில் நிலையத்துக்கு முன்னால் சற்று நில்லுங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. தூண்கள் நிறைந்த அந்தப் பழைய கட்டடம் இன்றும் நிற்கிறது. பக்கத்துத் தெருக்களில், படகோட்டிகளான குருகுலத்தார் எழுப்பிய புனித பேதுரு ஆலயமும், 1910-இல் அமைந்த பார்சிகளின் நெருப்புக் கோவிலும் உண்டு. பார்சி அல்லாதவர் கோவிலுக்குள் செல்ல இயலாது. வெளியிலிருந்து பார்த்து நகர்வதே மரியாதை. வடசென்னை என்றதும் அடிதடி மட்டுமே நினைவுக்கு வரும்படி நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். அரை மணி நேர நடையில் மீனவர், படகோட்டிக் கிறித்தவர், பார்சி, ரயில்வே ஊழியர் என்று இத்தனை பேரின் பழைய வாசல்கள் வரிசையாக வருவதைப் பார்த்தால் அந்தப் பழக்கம் சற்றுத் தளரும்.

துறைமுகத்துக்குள் அனுமதிச் சீட்டின்றிப் போக முடியாது. அதற்காக அலைய வேண்டியதும் இல்லை. துறைமுகத்தின் வேலையில் பெரும்பகுதி மதிலுக்கு வெளியேதான் நடக்கிறது. கன்டெய்னர் லாரிகள் வாயிலுக்காகக் காத்திருக்கும் வரிசையில், லாரிக்கு அடியிலோ பக்கத்திலோ சமைத்துச் சாப்பிடும் ஓட்டுநர்களைப் பார்க்கலாம். அவர்களுக்குக் காத்திருப்பதுதான் வேலையின் பெரும்பகுதி. ஒன்பது மணிக்குக் கடற்கரை ரயில் நிலைய வாசலில் அரை மணி நேரம் நின்றால் இன்னொரு பாடம் கிடைக்கும். இறங்குகிறவர்கள் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். கறுப்புக் கோட்டுகள் 1892-இல் திறந்த உயர் நீதிமன்றத்தின் திசையில் போகும். கட்டுக் கட்டாகக் கோப்பு வைத்திருப்பவர்கள் சுங்க அலுவலகத்துக்கும், சரக்கு விடுவிக்கும் முகவர்கள் நிறைந்த தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு மாடிகளுக்கும் பிரிவார்கள். கையில் வெறும் துணிப்பையோடு வேகமாக நடப்பவர்கள் கடைச் சிப்பந்திகள். இந்தத் திருப்பங்களே இப்பகுதியின் உண்மையான வரைபடம். நீதிமன்றத்துக்கு எதிரே நிற்கும்போது, மீனவக் குடும்பத்தில் பிறந்த வழக்கறிஞர் சிங்காரவேலர் 1923 மே 1 அன்று இந்தியாவில் முதன்முறையாக மே நாளைக் கொண்டாடியது இப்பகுதிக் கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும்தான் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

ஜார்ஜ் டவுனைக் கல்யாணப் பட்டியலோடு நடப்பது

இனி வருவதுதான் கடினமான பகுதி. ஜார்ஜ் டவுனில் ஒரு தெருவுக்கு ஒரு சரக்கு என்பது ஏறக்குறைய விதி. கிழக்கே முத்தியால்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை என்று இரு பேட்டைகள். இடங்கை, வலங்கை என்று இரு அணிகளாகப் பிரிந்திருந்த சாதிகளின் பூசல் 1707-இல் முற்றியபோது, முறையே இடங்கையாருக்கும் வலங்கையாருக்கும் என்று இவற்றைப் பிரித்து வைத்தது கம்பெனி நிர்வாகம். இரண்டுக்கும் நடுவே கிடந்த அத்தப்பள்ளம் என்ற தாழ்நிலத்தைத் தூர்த்து உண்டானதுதான் பிராட்வே. இன்றைய பிரகாசம் சாலை. கையில் வெறும் வரைபடத்தோடு இதற்குள் நுழைந்தால் பத்து நிமிடத்தில் களைத்துவிடுவீர்கள். நான் பரிந்துரைக்கும் வழி இது: உங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் என்று கற்பனை செய்துகொண்டு, வேண்டிய பொருள்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் எந்தத் தெருவில் கிடைக்கும் என்று கடைக்குக் கடை விசாரித்துக்கொண்டே நடங்கள்.

பத்திரிகைக்கு ஆண்டர்சன் தெரு. காகிதமும் அட்டையும் அங்கே தலைக்குமேல் அடுக்கியிருக்கும். ஜவுளிக்குக் கொடவுன் தெரு. அங்கே ஒரு சேலை கேட்டால் சிரிப்பார்கள், கட்டுக் கணக்கில்தான் பேச்சு. நகைக்கு என்.எஸ்.சி. போஸ் சாலை. முந்திரி, திராட்சை, மளிகைக்குக் கோவிந்தப்ப நாயக்கன் தெரு. நாட்டு மருந்துச் சரக்குக்கு இராசப்ப செட்டித் தெரு. அதே தெருவில்தான் வள்ளலார் பாடிய கந்தகோட்டம் இருக்கிறது. காய்கறிக்குக் கொத்தவால் சாவடி என்று முதியவர் எவராவது சொன்னால், அவர் பழைய நினைவில் சொல்கிறார். அந்தச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. பட்டியலில் பாதி முடிவதற்குள் தமிழ், தெலுங்கு, குஜராத்தி, மார்வாடி, உருது என்று ஐந்து மொழிகளில் விலை கேட்டிருப்பீர்கள். மண்ணடிப் பக்கம் கடைக்காரரை ‘பாய்’ என்றும், சௌகார்பேட்டையில் ‘சேட்டு’ என்றும் அழைப்பதில் எவரும் வருத்தப்படுவதில்லை. மூன்று தலைமுறையாகத் தங்கசாலைத் தெருவில் கடை வைத்திருக்கும் சேட்டு நம்மைவிட நன்றாகச் சென்னைத் தமிழ் பேசுவார் என்பதால், அவரிடம் தட்டுத்தடுமாறி இந்தி பேச முயல வேண்டியதில்லை.

சென்னைத் தமிழே இந்தத் தெருக்களில் உருவான சரக்குதான். பேஜார், ஜல்தி, கலீஜ், நாஸ்தா ஆகியவை உருது வழியே வந்தவை. டப்பும் நைனாவும் தெலுங்கு. காதில் விழும் புதிய சொல் ஒவ்வொன்றையும், அதைச் சொன்னவரின் தொழிலோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

உச்சிப்பொழுதில் ஒரு மூட்டையைத் தேர்ந்தெடுத்து, காலையில் மீன் கூடையைப் பின்தொடர்ந்ததுபோல் அதையும் பின்தொடருங்கள். கடை வாசலில் கோணி சுற்றித் தைப்பார்கள். மையால் ஊர்ப்பெயர் எழுதுவார்கள். தலைச்சுமையாகவோ மூன்று சக்கர வண்டியிலோ பார்சல் ஆபீசுக்குப் போகும். பகலில் கனரக லாரி நுழைய முடியாத சந்துகள் என்பதால் இடைப்பட்ட தொலைவு முழுவதும் மனித முதுகின்மேல்தான் கடக்கிறது. பார்சல் ஆபீஸ் வாசலில் குவிந்த மூட்டைகளின்மேல் உள்ள பெயர்களைப் படியுங்கள். எந்தெந்த ஊரின் கடைவீதி இந்தச் சந்துகளை நம்பியிருக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது. சுமைக்காரர்களிடம் கூலியை மூட்டைக் கணக்கில் பேசுகிறார்களா, நடைக் கணக்கிலா என்று கேட்கலாம். இது தொழில்முறைக் கேள்வி என்பதால் தயங்காமல் பதில் சொல்வார்கள்.

ஆர்மேனியன் தெருவைப் பிற்பகலுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். மக்கள் வாயில் இது அரண்மனைக்காரன் தெரு. ஆர்மேனியன் என்ற சொல் அப்படித் திரிந்தது. 1772-இல் கட்டிய ஆர்மேனியர் ஆலயத்தில் வழிபட ஆர்மேனியர் இன்று அநேகமாக இல்லை. 1794-இல் உலகின் முதல் ஆர்மேனிய மொழி இதழ் வெளியானது இந்தச் சென்னையில்தான். அதன் ஆசிரியர் இந்த வளாகத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார். பவளக்காரத் தெருவுக்கு அப்பெயர் வரக் காரணமான யூதப் பவள வியாபாரிகளும் போய்விட்டார்கள். வணிகம் நகர்ந்தால் மக்களும் நகர்வார்கள். தெருப்பெயர் மட்டும் பின்தங்கும். அதே ஆர்மேனியன் தெருவில் உள்ள புனித மரியன்னை இணைப் பேராலயத்தில் செவ்வாய்தோறும் அந்தோணியார் வழிபாட்டுக்குப் பல மதத்தவரும் திரள்வார்கள். முருகனுக்கும் உரிய நாள் அதுவே என்பதால் கந்தகோட்டத்திலும் கூட்டம் இருக்கும். கடைச் சிப்பந்தி, சுமைக்காரர், முதலாளியின் மனைவி ஆகியோர் ஒரே வரிசையில் நிற்பதைப் பார்க்கக் கிடைக்கும் என்பதாலேயே செவ்வாய்க்கிழமையைச் சொன்னேன்.

மாலையில் பர்மா பஜார். 1960-களில் பர்மாவில் இராணுவ ஆட்சி வணிகத்தை அரசுடைமையாக்கியபோது, கடையையும் சேமிப்பையும் இழந்து கப்பலேறிய தமிழர்கள் வந்திறங்கிய துறைமுகத்தின் எதிரிலேயே கடை போட்டுப் பிழைத்த வரிசை இது. இப்போது கைபேசி உதிரிகளும் மின்னணுப் பொருள்களும் விற்கிறார்கள். விலையை உறுதியாகப் பேசுங்கள், வாங்காவிட்டால் கையில் எடுத்துப் பார்க்காதீர்கள். பிறகு இரண்டாவது கடற்கரைச் சாலைப் பக்கம் அத்தோ கடையில் நின்று சாப்பிடுங்கள். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளிநீர் எல்லாம் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப்பு. சாப்பிட்டுக்கொண்டே, குடும்பம் எந்த ஊரிலிருந்து பர்மா போனது என்று கேட்டால் இராமநாதபுரமோ சிவகங்கையோ தொடங்கி ஒரு கதை வரக்கூடும். கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டால் அந்தக் கதையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து இடம் கொடுத்துவிடுங்கள்.

அன்றிரவே, தூங்குமுன், குறிப்புகளை மணி வரிசையில் எழுதிவிடுங்கள்: நேரம், இடம், சரக்கு, அதைத் தொட்ட கைகள், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், பேசிய மொழி. எழுதும்போது சில மணிநேரங்கள் வெறுமையாக இருப்பது தெரியும். பெரும்பாலும் பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை அப்படி இருக்கும். அந்த நேரத்தில்தான் காசிமேட்டில் வலை பின்னுவார்கள். அடுத்த முறை பின்னிரவு மூன்று மணிக்கு ஆட்டோ பிடிக்க வேண்டியதில்லை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெட்ரோவிலேயே தண்டையார்பேட்டை வரை போய் இறங்கிக்கொள்ளலாம்.